ஏற்றம் எளிது, இறக்கம்தான் வேலை: டெவில்ஸ் லேக் பாறைமேட்டுப் பாதைகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாராபூ என்ற சிற்றூருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது டெவில்ஸ் லேக். 360 ஏக்கர் ஏரி. கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 500 அடி உயரத்துக்குச் செங்குத்தான பாறைமேடுகள், மேடு முழுக்க ஓக், ஹிக்கரி, பைன் காடு. மாநிலப் பூங்காவாக 1911-இல் அறிவிக்கப்பட்டது. மாடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், சிகாகோ புறநகர்களிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். அதனால் கோடை வார இறுதியில் இங்கே தமிழ்க் குரல் காதில் விழாமல் ஒரு பாதையும் நடக்க முடியாது. விஸ்கான்சின் டெல்ஸ் நீர் விளையாட்டுகளுக்கு வருபவர்கள் 'பக்கத்தில்தானே, அரை நாள் போய்வரலாம்' என்று கிளம்பி வருவதும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் அந்த அரை நாள் கணக்கில்தான் தொடங்குகிறது.

500 அடி என்றால் சுமார் 150 மீட்டர். நம் ஊர் மலைகளை நினைத்தால் இது ஒரு குன்றுதான். மூச்சு வாங்கும், ஆனால் ஓரளவு உடல் தெம்புள்ள எவரும் ஏறிவிடலாம். இங்கே கால் பிசகுவதும் முட்டி வீங்குவதும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. அதனால் இந்த ஏரிக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் எந்தப் பாதை அழகு என்பதல்ல (எல்லாமே அழகுதான்). எந்தப் பாதையில் ஏறி, எந்தப் பாதையில் இறங்குவது என்பதே. பழனிக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். படிக்கட்டு வழியாக ஏறிவிட்டு யானைப்பாதை வழியாக இறங்குபவர்களுக்கு மறுநாள் முட்டி வலி குறைவு. டெவில்ஸ் லேக்கிலும் படிக்கட்டும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. பெயர்தான் வேறு.

இங்கே பாறை ஏன் இப்படி வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். இது குவார்ட்சைட். ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் படிந்த மணல், பிறகு அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி ஒரே கட்டியானது. சில பலகைப் பாறைகளில் அந்தக் காலத்து அலைகள் மணலில் போட்ட வரிகள் இன்றைக்கும் அப்படியே தெரிகின்றன. சாதாரண மணற்கல்லில் மணல் துகள்கள் ஒன்றோடொன்று லேசாகத்தான் ஒட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்கத் துகள் உதிர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும், ஷூ பிடிக்கும். குவார்ட்சைட்டில் துகள்கள் உருகிச் சேர்ந்ததுபோல ஒன்றாகிவிட்டன. உடைந்தால் துகளைச் சுற்றி உடையாமல் துகளையே பிளந்துகொண்டு உடையும். தேய்ந்தால் உதிராது, மெருகேறும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் இடத்தில், கல் படிகளின் நடுப்பகுதி கோயில் வாசற்படி போலப் பளபளக்கிறது. நீரையும் இந்தக் கல் உறிஞ்சாது. தூறல் விழுந்த ஐந்தாவது நிமிடம் அது சோப்புப் போட்ட குளியலறைத் தரைதான்.

ஆகவே காய்ந்த நாளில் படியின் பளபளக்கும் நடுவை விட்டு, நிறம் மங்கிச் சொரசொரப்பாக இருக்கும் ஓரத்தில் கால் வையுங்கள். ஆனால் அந்த ஓரத்துச் சொரசொரப்பு பல இடங்களில் பாறையில் ஒட்டி வளரும் லைக்கன் பூச்சு. காய்ந்திருக்கும்போது அது பிடிமானம், ஈரத்தில் அதுவே பாசி. மழை நாளில் நடுவும் வழுக்கும், ஓரமும் வழுக்கும். அன்றைக்குக் கல் படிப் பாதைகளை விட்டுவிடுவதுதான் சரி.

இப்போது பாதைகள். ஏரியின் வடகரை, தென்கரை என்று இரண்டு பக்கமும் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, புல்வெளி எல்லாம் உண்டு. கிழக்கு மேட்டுக்கு வடகரையிலிருந்து ஏறும் பாதை ஈஸ்ட் பிளஃப். தென்கரைப் பக்கத்திலிருந்து நேராக மேலே ஏறுவது பேலன்ஸ்டு ராக். வெறும் 0.4 மைல்தான், அதாவது 650 மீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்துக்குள் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் ஏறிவிட வேண்டும். அதற்கும் கிழக்கே, தென்முகச் சரிவில் பாட்ஹோல்ஸ், சிசிசி என்று இன்னும் இரண்டு செங்குத்துப் பாதைகள், ஒவ்வொன்றும் சுமார் 0.3 மைல். இவற்றின் அடிவாரத்தை இணைப்பது குரோட்டோஸ், 0.7 மைல் சமதளம். கிழக்கு மேட்டின் பின்புறமாக, காட்டுக்குள் மெல்லச் சரிந்து வடகரைக்கு இறங்குவது ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ், 1.3 மைல். இதுதான் நம் யானைப்பாதை. மேற்கு மேட்டில் வெஸ்ட் பிளஃப், 1.4 மைல். அதன் அடியில் ஏரியை ஒட்டியே போவது டம்பிள்டு ராக்ஸ், 1 மைல், தார் போட்ட சமதளப் பாதை.

சிசிசி என்பது சிவிலியன் கன்சர்வேஷன் கோர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு கொடுத்த பொதுப்பணி. இந்தப் பூங்காவின் கல் படிகளில் பல அவர்கள் கைவேலை. அந்தக் கற்களைக் கடப்பாரையால் நெம்பி உட்கார வைத்த கைகளை நினைத்தால், படி ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவரவில்லையே என்று குறை சொல்ல மனம் வராது. ஆனால் உயரம் ஒத்துவரவில்லை என்பது உண்மைதான். ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முட்டிக்குக் கொஞ்சம் கீழே. வீட்டு மாடிப்படி ஏறுகிற தாளம் இங்கே செல்லாது.

ஏரியை முழுதாகச் சுற்றுவதென்றால் பெரும்பாலோர் வடகரையில் தொடங்கி ஈஸ்ட் பிளஃப் ஏறி, பேலன்ஸ்டு ராக் வழியாகத் தென்கரைக்கு இறங்கி, மேற்குப் பக்கமாகத் திரும்புகிறார்கள். வழிகாட்டித் தளங்களும் இப்படியே சொல்கின்றன. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வடகரையில் வண்டியை விட்டுவிட்டு மேற்கே நடந்து டம்பிள்டு ராக்ஸ் வழியாகத் தென்கரைக்கு வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் சமதளம், உடம்பு சூடேறும், ஷூ எங்கே கடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தென்கரையில் கழிப்பறை, தண்ணீர், கொஞ்சம் இளைப்பாறல். பிறகு பேலன்ஸ்டு ராக்கில் ஏற்றம். மேலே விளிம்பை ஒட்டி நடந்து, ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் பிரியும் இடத்தில் அதைப் பிடித்து வடகரைக்கு இறக்கம். மொத்தம் 5 மைலுக்குள், அதாவது 8 கிலோமீட்டருக்குள். தனியாக வேகமாக நடப்பவர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். பத்து வயதுப் பிள்ளைகளும் புகைப்படமும் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திசைக்கு வெயிலும் ஒரு காரணம். பேலன்ஸ்டு ராக் சரிவு தென்மேற்கைப் பார்க்கிறது. காலையில் அது மேட்டின் நிழலில் இருக்கும். மதியத்துக்குப் பிறகு வெயில் நேராக விழும், பாறை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஜூலையில் தோசைக்கல் மேல் நடப்பது போலிருக்கும். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் எட்டரைக்கு ஏற்றத்தில் இருப்பீர்கள். பத்து மணிக்கு மேலே விளிம்பில் நிற்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால், ஏரியும் எதிர்மேடும் முழு வெளிச்சத்தில். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. மேற்கு மேட்டுக்கு இது அப்படியே எதிர். அங்கிருந்து ஏரியைப் பார்க்க மாலைதான் நல்லது.

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது. கோடை வார இறுதியிலும் அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும் நாட்களிலும் பத்து மணிக்குப் பிறகு வந்தால் நிறுத்துமிடத்தைச் சுற்றி வருவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. வெளிமாநில எண் பலகைக்குக் கூடுதல். நான்கு குடும்பம் நான்கு வண்டியில் வருவதைவிட, பக்கத்து ஊரில் சேர்ந்து இரண்டு வண்டியில் வருவது காசுக்கும் நல்லது, இடத்துக்கும் நல்லது.

வரைபடத்தில் கிழக்குக் கரையோரமாக ஒரு கோடு நேராக வடக்கும் தெற்கும் போகும். அதைப் பார்த்து 'இதுதான் குறுக்கு வழி' என்று நினைப்பவர்கள் உண்டு. அது ரயில் பாதை, இப்போதும் சரக்கு வண்டி ஓடுகிறது. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் ஏரி, ஒதுங்க இடமில்லை. தண்டவாளத்தில் நடப்பது அத்துமீறல் குற்றமும்கூட. களைத்துப்போய்த் தென்கரையில் நிற்கும்போது மனம் அந்தக் கோட்டின் மேல்தான் போகும், அதனால்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேலன்ஸ்டு ராக் ஏற்றத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அடிவாரத்தில் சில நிமிடம் மர நிழல். பிறகு பாதை பெரும் பாறைக் குவியல் ஒன்றின் மீது ஏறுகிறது. பனியுகக் குளிரில் பாறை இடுக்குகளில் நீர் உறைந்து விரிந்து, மேட்டின் முகத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்துத் தள்ளிய குவியல் அது. வண்டி அளவுக் கல்லும் உண்டு, தலையணை அளவுக் கல்லும் உண்டு, எல்லாம் கூர்முனை. பாதையில் இருக்கும் கற்கள் இறுக்கப்பட்டவை. பாதையை விட்டு இரண்டடி தள்ளினால் கல் ஆடும், கற்களுக்கு இடையே முழங்கால் வரை இறங்கும் பொந்து இருக்கும், அதன் மேல் பாசியும் சருகும் மூடியிருக்கும். கூட்டத்தை முந்துவதற்காகப் பக்கவாட்டில் ஏறுபவர்களுக்கு இங்கேதான் கணுக்கால் போகிறது.

ஏறும்போது முதல் பத்து நிமிடம்தான் எல்லோரும் செய்யும் தவறு. உற்சாகத்தில் படபடவென்று ஏறி, பாதி வழியில் மூச்சு முட்டி, முகம் வெளிறி உட்கார்ந்துவிடுவார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நில்லுங்கள், உட்கார வேண்டாம். நிற்கும்போது மலைப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கமாக வேண்டாம். எதிரே இறங்கி வருபவரின் தோள்பை இடித்தாலும் அப்போது சுவரில்தான் சாய்வீர்கள். பாதங்களைப் படியில் முழுதாக வையுங்கள். முன்காலில் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ளும். உயரமான படிகளில் கையைத் தொடையில் ஊன்றாமல் பாறையில் ஊன்றுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். துணிப்பையில் சாப்பாடு, ஒரு கையில் கைபேசி, மறு கையில் தண்ணீர் பாட்டில் என்று வருபவர்களை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போடுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பாறை முனையில் மாட்டும்.

ஏதோ காரணத்தால் கல் படியிலேயே இறங்க நேர்ந்தால், பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அதைத் தடுப்பதுதான் இறங்கும் வித்தை. பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் வழுக்கும், முதுகும் தலையும் கல்லில் அடிபடும். முட்டியை லேசாக மடக்கி, எடையை முன்காலுக்கு மேலேயே வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். முட்டி உயரப் படியானால் குதிக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை இறக்குங்கள், அல்லது உட்கார்ந்து நகர்ந்து இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அனுபவமுள்ள மலையேறிகளும் அப்படித்தான் இறங்குவார்கள். நடைக்கோல் இருந்தால் ஒன்று போதும். ஏறும்போது மடக்கிப் பையில் செருகிவிடுங்கள், கோலின் முனை பாறை இடுக்கில் சிக்கும். இறங்கும் காட்டுப் பாதையில்தான் அது உதவும்.

மேலே பேலன்ஸ்டு ராக் என்ற கல், ஒரு சின்ன அடித்தளத்தில் பம்பரம் போல் நிற்கிறது. இன்னும் சற்றுத் தூரத்தில் டெவில்ஸ் டோர்வே, பாறைகள் அடுக்கி வைத்த வாசல் போலிருக்கும். அதற்கு மட்டும் விளிம்பிலிருந்து கீழே 0.1 மைல் கிளைப்பாதை. வாசலைப் பார்க்க அதன் மேல் ஏற வேண்டிய தேவையில்லை. ஏறுபவர்கள் உண்டு, காரணம் படம்தான். இந்த மேடுகளில் எங்கும் கம்பி வேலியோ தடுப்போ கிடையாது. பாதை பல இடங்களில் விளிம்பிலிருந்து சில அடி தூரத்தில் போகிறது. விளிம்பிலிருந்து தவறி விழுந்து இறந்தவர்கள் இங்கே உண்டு. விளிம்புக்கு ஆளுயரம் மூன்று தள்ளி நில்லுங்கள், அதைவிடப் பக்கத்தில் படம் வேண்டுமென்றால் உட்கார்ந்து எடுங்கள். கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவர், கையைப் பிடித்தபடி. ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளை என்ற கணக்கில் வந்திருந்தால் மேலே போக வேண்டாம், டம்பிள்டு ராக்ஸ் போதும்.

பிள்ளைகள் விளிம்பிலிருந்து கல்லை உருட்டிவிட்டு அது விழும் ஓசையைக் கேட்க ஆசைப்படுவார்கள். கீழே வெறும் பள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்கள் நேர் கீழே இருப்பார்கள். அதற்கும் கீழே நடைபாதை. உள்ளங்கை அளவுக் கல் நூறடி விழுந்தால் ஆளைக் கொல்லும். தவறிப்போய்க் கால் தட்டிக் கல் உருண்டால் உடனே 'ராக்!' என்று உரக்கக் கத்துங்கள். அங்கே எல்லோருக்கும் புரியும் சொல் அதுதான்.

அரை நாள்தான் இருக்கிறது, ஏரியைச் சுற்ற நேரமில்லை என்பவர்களுக்குத் தென்கரையிலிருந்து ஒரு சின்னச் சுற்று உண்டு. பேலன்ஸ்டு ராக் ஏறி, விளிம்பில் கிழக்கே நடந்து, டெவில்ஸ் டோர்வே பார்த்து, சிசிசி வழியாக இறங்கி, குரோட்டோஸில் திரும்புவது. தூரம் குறைவு. ஆனால் இறக்கமும் கல் படிதான். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும். இடையில் பாட்ஹோல்ஸ் வழியாக இறங்கினால், பாறையில் வட்டமாகக் கடைந்தெடுத்த குழிகளைப் பார்க்கலாம். பழைய நீரோட்டத்தில் கூழாங்கற்கள் சுழன்று சுழன்று ஆட்டுக்கல் குழி போலத் தோண்டியவை.

ஏரியே வந்த கதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முன்பு இந்த இடுக்கின் வழியாக ஓர் ஆறு ஓடியது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை கிழக்கிலிருந்து வந்து, இடுக்கின் வடக்கு வாயையும் தென்கிழக்கு வாயையும் மண்ணும் கல்லும் கொட்டி அடைத்துவிட்டுப் போனது. நடுவில் தேங்கியதுதான் ஏரி. வெளியேறும் ஓடை எதுவும் மேலே தெரியாது. வடகரைக்கு வண்டியில் இறங்கும்போது தாண்டுகிற மேடு, பனி கொட்டிய அந்த மண்தான். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித ஏரி. அவர்கள் மொழிப் பெயரைத்தான் வந்தேறிகள் 'டெவில்' ஆக்கிவிட்டார்கள். கரடி, பறவை வடிவில் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் கரையோரப் புல்வெளிகளில் இருக்கின்றன. பாய் விரிக்க நல்ல மேடாகத் தெரியும். பலகையைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

காலணியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். கட்டும் கயிறு உள்ள, ரப்பர் அடிப்பாகம் தேயாத ஷூ. க்ராக்ஸ், சாண்டல், தேய்ந்த ஓட்டப்பயிற்சி ஷூ எதுவும் ஆகாது. அடிப்பாகத்தில் நகம் அழுத்தினால் கொஞ்சமாவது உள்வாங்க வேண்டும். கட்டைபோல் கெட்டியான ரப்பர் குவார்ட்சைட்டில் பிடிக்காது. இறங்கும் முன் கயிற்றை அவிழ்த்து, குதிகாலை ஷூவின் பின்புறம் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும்.

மேலே குடிநீர் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கோடையில் பெரியவருக்கு 2 லிட்டர், பிள்ளைக்கு ஒரு லிட்டர். அதில் ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோராக இருந்தால் வெறும் தண்ணீரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மோரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். மேலே தின்ன ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய், ஒரு வாழைப்பழம். புளியோதரையும் தயிர்சாதமும் இறங்கிய பிறகுதான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதுதான் நம்மவர் செய்யும் இன்னொரு தவறு. புளியோதரை வண்டியில் தாக்குப்பிடிக்கும். தயிர்சாதத்தை மூடிய வண்டியில் வைத்தால் நண்பகலுக்குள் புளித்துவிடும், ஐஸ் பெட்டியில் அடியில் வையுங்கள்.

உண்ணி பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். விஸ்கான்சின் காடுகளில் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புகிறது. எள் அளவு, குட்டியாக இருந்தால் கசகசா அளவு. பாதை ஓரப் புல் நுனியில் காத்திருந்து, உரசுகிற காலில் தொற்றி மேலே ஏறும். நீளக் காற்சட்டை, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், தோலுக்கு டீட் கலந்த பூச்சிவிரட்டித் தெளிப்பு. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி என்றால் துணிக்கு மட்டும், அதுவும் முந்தின நாளே தெளித்துக் காயவைத்து. வீடு திரும்பியதும் குளிக்கும் முன் முட்டியின் பின்புறம், இடுப்புப் பட்டை இறுக்கும் இடம், அக்குள், காதுக்குப் பின், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள் என்று தடவிப் பாருங்கள். கடித்து ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப் பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது, நகப்பூச்சு தடவுவது எல்லாம் வேண்டாம், கலவரப்பட்டு அது எச்சிலை இன்னும் உள்ளே கக்கும். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும். அதனால் அன்றிரவே பார்ப்பதில்தான் காரியம் இருக்கிறது. அடுத்த 30 நாட்களுக்குள் அந்த இடத்தில் விரியும் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பாய்சன் ஐவி என்ற செடி இன்னொன்று. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். அதன் எண்ணெய் பட்டால் ஓரிரு நாள் கழித்துக் கொப்புளமாகப் பொரியும். பட்டது தெரிந்தால் உடனே சோப்பால் கழுவுங்கள், ஷூ கயிற்றையும் சேர்த்து. டிம்பர் ராட்டில்ஸ்னேக் எனப்படும் நச்சுக் கிலுகிலுப்பைப் பாம்பும் இந்தப் பாறைகளில் வாழ்கிறது. கண்ணில் படுவது அபூர்வம், அது ஒதுங்கித்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை விடாமல் இருந்தால் போதும்.

வானிலையில் கவனிக்க வேண்டியது மூன்று. கோடைப் பிற்பகலில் இடி வந்தால் விளிம்பை விட்டுக் காட்டுக்குள் வாருங்கள், பாறைக் குகை வாயில் ஒதுங்க வேண்டாம், ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் வழியாக இறங்கத் தொடங்குங்கள். இலையுதிர் காலத்தில் சருகு கல்லையும் பொந்தையும் ஒன்றாக மூடிவிடும், அடியில் ஈரம் இருக்கும். கோல் முனையால் தட்டிப் பார்த்துக் கால் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் தென்கரை காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்து ஏமாந்து வடபுறமாக இறங்கினால், நிழலில் படிகள்மேல் பனிக்கட்டி கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை (மைக்ரோஸ்பைக்) இல்லாமல் அந்தப் பக்கம் வேண்டாம். அக்டோபர் நடுவில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. காட்டுக்குள் அதற்கும் அரை மணி முந்தியே கால் தெரியாது. கைபேசி விளக்கை நம்பாமல் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

கைபேசி சமிக்ஞை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். யாருக்காவது கால் பிசகிவிட்டால் ஷூவைக் கழற்றாதீர்கள், கழற்றினால் வீக்கத்தில் மறுபடி போட முடியாது. ஷூவின் மேலேயே க்ரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றுங்கள். எடை ஊன்ற முடிகிறதென்றால் மெதுவாக, படியில்லாத பக்கமாக இறங்கலாம். ஊன்ற முடியவில்லை என்றால் அவசர எண் 911. எந்தப் பாதை, கடைசியாகத் தாண்டிய கிளைப்பலகை எது, ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்று சொல்லுங்கள். அந்தப் படிகளில் தூக்குப்படுக்கையைக் கையால்தான் சுமந்து இறக்குவார்கள், நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கோடையிலும் பையில் வேண்டும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்து வருபவர்களுக்கு: அவர்கள் 'நான் திருப்பதியே நடந்து ஏறினவன்' என்பார்கள். ஏறிவிடுவார்கள்தான். இறக்கத்தில் முட்டி நடுங்கும், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு டம்பிள்டு ராக்ஸில் போய்வருவதே நிறைவாக இருக்கும். தலைக்கு மேல் மேற்கு மேடு, காலடியில் தண்ணீர், இருபுறமும் பாறைக் குவியல். மேடு ஏறியே தீருவேன் என்றால் ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் வழியாகவே ஏற்றி அதே வழியில் இறக்குங்கள். தார்ப் பாதையிலும் வேர் தூக்கிவிட்ட விரிசல்கள் உண்டு, பேச்சு சுவாரசியத்தில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கும்போது தடுக்கும். குழந்தைத் தள்ளுவண்டியைக் கரைப் புல்வெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.